கோணிப்போன முளைப்பாரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் முளைப்பாரி வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போன ஆவுடைத்தாய், போன வேகத்தில் வெளியே வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சும்மா உட்கார்ந்து ஊர் பார்த்ததில்லை. சாமியாடி கோபாலசாமியின் பெண்டாட்டி; நிற்பாள், நடப்பாள், ஏசுவாள், ஏசி முடித்ததும் ஏசப்பட்டவருக்கே மோர் ஊற்றிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் பேச்சற்று உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"முளை கோணிப்போச்சு" என்றாள் ஆவுடைத்தாய்.

எல்லோரும் முளைப்பாரி வீட்டைப் பார்த்து ஓட, குழாயடியில் நின்ற இசக்கிசெல்விக்கு மட்டும் கால் தன் வீட்டைப் பார்த்துத் திரும்பியது. முளை ஏன் கோணியது என்பது அந்த ஊரில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்தப் பதினேழு வயதுப் பெண் நினைத்துக்கொண்டாள்.

ஊரின் பெயர் மேலக்கிடைக்குளம். நாகலாபுரம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்தால் வரும். ஆடு மேய்த்துப் பிழைத்த குடும்பங்கள்; இப்போது ஆட்டோடு மக்காச்சோளமும் பருத்தியும் சேர்ந்துகொண்டன. ஊரில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. அம்மன் இருந்தாள், அம்மனுக்கு வாயாகக் கோபாலசாமி இருந்தார். யார் வீட்டுப் பெண் எந்த நிறத்தில் உடுத்த வேண்டும், யார் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பது வரை அம்மன் அவர் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அருள் வந்தால் ஊரே நடுங்கும். அருள் இல்லாத நேரத்தில் அவர் தன் பழைய பைக்கை ஸ்டார்ட் செய்ய முடியாமல் தெருவில் உதைத்துக்கொண்டிருப்பார். அப்போது மட்டும் யாரும் நடுங்கமாட்டார்கள்.

ஐப்பசிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பெண்பிள்ளைகளுக்குச் சட்டம் இன்னும் இறுகும். வீட்டுக்கு ஒரு கன்னிப்பெண் பேரில் ஒரு சட்டி. அதில் ஆட்டுப் புழுக்கைத் தூளும் வைக்கோலும் போட்டு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, கம்பு, சோளம் என்று விதைகளைத் தூவி, கோயிலை ஒட்டிய இருட்டு அறையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். அதுதான் முளைப்பாரி வீடு. ஆவுடைத்தாய்தான் தண்ணீர் தெளிப்பாள். சாயங்காலம் பெண்கள் உள்ளே போய்க் கும்மியடிப்பார்கள். ஆண்கள் படி தாண்டக்கூடாது. பெண்பிள்ளைகள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, போனைத் தொடக்கூடாது, பள்ளிக்கூடமும் கிடையாது. யாராவது தூரமானால், அதாவது மாதவிலக்கானால், அன்றே சொல்லிவிட வேண்டும். சொன்னவள் கண்மாய்க் கரையில் இருக்கும் முட்டுவீட்டுக்குப் போய் நாள் கழிய வேண்டும். அவள் சட்டியைத் தூக்கிக் கண்மாயில் கவிழ்த்துவிடுவார்கள். சொல்லாமல் மறைத்தால் முளை அழுகும், கருகும், ஊருக்கே கேடு வரும்.

இசக்கிசெல்வி வியாழக்கிழமை தூரமானாள். சொல்லவில்லை.

முட்டுவீட்டுச் சட்டம் மற்ற மாதங்களிலும் உண்டு; போன வருசம் பொங்கலுக்கு அடுத்த மாதம் அங்கே இருந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. ஒழுகுகிற கூரை. புத்தகத்தைத் தொட்டால் சரஸ்வதிக்கு ஆகாது என்று பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பைக்கில் போகிற பயல்கள் வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு அதை மறுபடி நினைக்கவே எரிச்சலாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அவள் அப்பா பெயர் கடற்கரை. அவர் ஆடு வாங்கப் போன இடத்தில் கயத்தாறு பைபாஸில் லாரி இடித்துக் கால் நொறுங்கிக் கிடந்தபோது, அம்மா சுப்புத்தாய் மூன்று வருசம் முளைப்பாரி எடுப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். இது மூன்றாவது வருசம். அப்பா இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் போகிற அளவுக்குத் தேறிவிட்டார். இந்த நேரத்தில் சட்டியைக் கவிழ்த்தால் அம்மா தாங்கமாட்டாள். ஆக, பாதி பயம், பாதி கோபம், கொஞ்சம் பாசம். இந்த மூன்றும் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டன.

அன்றைக்குப் பயன்படுத்திய துணியைக் கொல்லையில் விறகுக்கு வைத்திருந்த பருத்திமார் குவியலுக்கு அடியில் சொருகி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது அது அங்கே இல்லை. நாய் இழுத்துக்கொண்டு போயிருந்தால் தெருவில் கிடந்திருக்கும், தெருவிலும் இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். யாருக்கோ தெரியும். அந்த யாரோ எப்போது வாயைத் திறப்பார் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கோபாலசாமி ஊரைச் சுத்தம் செய்தார். கொரோனா வந்த வருசம், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கரைத்து, காட்டுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் ஊற்றித் தெருத் தெருவாக அடித்தார்கள். நோய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கோபாலசாமிக்கு அது ரொம்பவும் பிடித்துப்போய், பொங்கலுக்குப் பொங்கல் அதையும் ஒரு சடங்காக்கிவிட்டார். முதுகில் டேங்க், நெற்றி நிறையத் திருநீறு, ஒரு கையில் பம்ப், மறு கையில் குழல். முதலில் தன் வீட்டு வாசல், அப்புறம் கோயில், அப்புறம் முளைப்பாரி வீடு. ஆம்பிளை என்பதால் படிக்கு வெளியே நின்று குழலை மட்டும் உள்ளே நீட்டி, எட்டுகிற மட்டும் அடித்தார். கும்மி வட்டத்தில் நின்ற இசக்கிசெல்வியின் காலிலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. சுத்தமில்லாதவள் மேல் சுத்தம் தெறிக்கிறது என்று நினைத்து அவள் தாளத்தைத் தப்பவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் கோயில் முன்னால் கூடியது. கோபாலசாமிக்கு அருள் வர அதிக நேரம் ஆகவில்லை.

"ஒருத்தி மறைச்சுட்டா. எம் மடியில தீட்டக் கொண்டாந்து வச்சுட்டா" என்று அம்மன் அவர் வாயால் சொன்னபோது, இசக்கிசெல்வி தன் பெயர் அடுத்து வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். வரவில்லை. அம்மன் அதற்குமேல் விவரம் சொல்லாமல் மலையேறிவிட்டாள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. யார் சட்டி ரொம்பக் கோணியிருக்கிறது? வாசலை ஒட்டியிருந்த முத்துசெல்வியின் சட்டி. எல்லை தாண்டியது யார்? அதுவும் முத்துசெல்விதான், சனிக்கிழமை, பஸ்ஸில் வந்த டீச்சரிடம் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்க ரோடு வரைக்கும் போய்விட்டு வந்தாள். அவ்வளவு போதாதா.

முத்துசெல்வி, இசக்கிசெல்வியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். தகப்பன் இல்லாத பெண். சித்தப்பா சுடலைராஜ் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவர் எழுந்து நின்று, இனிமேல் இவளுக்குப் படிப்பு வேண்டாம், தை பிறந்ததும் கல்யாணத்தை முடித்துவிடுகிறேன் என்றார். கோபாலசாமி அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும் என்றார். மறுநாள் சாயங்காலம் அம்மன் முன்னால் அவள் உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய வேண்டும். சுத்தமானவள் கை சுடாது என்பது அவர் கணக்கு. சூடத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அது எல்லோர் கையையும் ஒரே மாதிரிதான் சுடும் என்று ஒருவருக்காவது சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றினாலும் யாரும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் முத்துசெல்வி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. வலது உள்ளங்கையை இடது கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நா எதயும் மறைக்கலட்டி. எனக்கு நாளே இன்னும் வரல" என்றாள். "நீயாவது நம்புதியா?"

"நம்புதேன்" என்றாள் இசக்கிசெல்வி. அவளைவிட அதை நம்புவதற்கு யாருக்குக் காரணம் இருந்தது? சொல்லிவிட்டு அவளால் தோழியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் முத்துசெல்வியின் கை தப்பும். தன் படிப்பு போகும், அம்மாவின் நேர்ச்சை போகும், அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் வெந்த கையைக் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் அம்மாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் போட்டாள். அப்பா ஆட்டோடு திரும்பி வந்தபோது அம்மா வாசலுக்கு ஓடிப்போய், அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொல்லிவிடுவது என்றுதான் இசக்கிசெல்வி கடைசியில் முடிவு செய்தாள். அதற்கு முன்னால், தான் கெடுத்த முளையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அன்று சாயங்காலம் கும்மி இல்லை. ஆவுடைத்தாய் தனியாகத் தண்ணீர் தெளிக்கப் போனபோது, குடம் எடுத்து வருகிறேன் என்று கூடவே உள்ளே நுழைந்தாள்.

விளக்கு வெளிச்சத்தில் வாசல் பக்கத்துச் சட்டிகளைப் பார்த்தாள். முத்துசெல்வியின் சட்டியில் தட்டையும் மொச்சையும் தண்டு முறுக்கி, தலை தொங்கி, நெளிந்து கிடந்தன. இசக்கிசெல்வி ஒவ்வொரு சட்டியாகப் பார்த்துக்கொண்டே கடைசிச் சுவர் வரைக்கும் போனாள். அவள் சட்டி அங்கேதான் இருந்தது.

அது நிமிர்ந்து நின்றது. வெளிர் மஞ்சளில், ஒரு விதைகூடத் தப்பாமல், பார்க்கப் பார்க்க அழகாக நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம் இல்லை, கோபம்தான். தப்புச் செய்தவள் சட்டியை அம்மன் விட்டுவிட்டாள்; வாசலில் இருந்த பாவப்பட்ட சட்டிகளைப் பிடித்து முறுக்கியிருக்கிறாள். அம்மனுக்குக் கண் தெரியாதா, ஆள் தெரியாதா? மறுபடி வாசலுக்கு வந்து முத்துசெல்வியின் சட்டிமுன் குந்தினாள். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அதே சட்டியில் கம்பும் சோளமும் ஒரு சேதமும் இல்லாமல் நேராக நின்றன. பயறு வகை மட்டும்தான் கோணியிருந்தது. பக்கத்துச் சட்டியிலும் அப்படியே. அதற்கடுத்த சட்டியிலும் அப்படியே.

இப்படி முறுக்கிய இலையை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்பதும் சட்டென்று வந்துவிட்டது. கால் முறிவதற்கு முந்தின வருசம் அப்பா யாரிடமோ ஸ்பிரேயரை இரவல் வாங்கிப் பருத்திக்கு மருந்தடித்தார். அதில் அதற்கு முன்னால் மக்காச்சோளத்துக் களைமருந்தை அடித்திருக்கிறார்கள். கழுவினது போதவில்லை. பருத்தி இலையெல்லாம் சுருண்டு விரல் விரலாக ஆகிப்போனது. ஓரத்தில் நின்ற புல்லுக்கும் சோளத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது அவளுக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை. ஸ்பிரேயர். படிக்கு வெளியே நின்று, எட்டுகிற மட்டும்.

அவள் கையிலிருந்த குடம் தரையில் இடித்துத் தண்ணீர் சிந்தியது. கண் எங்கே இருக்கிறது என்று ஆவுடைத்தாய் ஏசினாள். இசக்கிசெல்விக்கு அந்த ஏச்சுகூட இனித்தது.

ஆனால் நினைத்தால் போதுமா? சாமியாடி அடித்த தீர்த்தத்தில் களைமருந்து இருந்தது என்று சும்மா சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள். அவர் முதலில் அடித்தது தன் வீட்டு வாசலில்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை காலையில் வேப்பங்கொழுந்து பறிக்கிற சாக்கில் அந்த வீட்டுப் பக்கம் போனாள். வாசலை ஒட்டி ஆவுடைத்தாயின் அவரைப் பந்தல். ஐப்பசி மழைக்குத் தளதளவென்று ஏறியிருக்க வேண்டிய கொடி, தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் நுனி சுருண்டு, இலை கிண்ணம் மாதிரி குவிந்து கிடந்தது. அடியில் அறுகம்புல் பச்சையாக இருந்தது. தொழுவத்துச் சுவரில் ஸ்பிரேயர் தொங்கியது. அவள் மூடியைத் திறந்து மூக்கை வைத்தாள். மஞ்சள் வாடைக்கு அடியில் அந்த மருந்து வாடை இருந்தது.

"என்னட்டி செய்யுத அங்கன?"

பின்னால் ஆவுடைத்தாய் சாணிக் கூடையோடு நின்றாள். ஓடுவதில் பிரயோசனம் இல்லை. இசக்கிசெல்வி பந்தலைக் காட்டினாள். "அத்த, இந்தக் கொடி எப்பமிருந்து இப்பிடிக் கெடக்கு?"

"செடிப்பேன் விழுந்துருக்கு. சாம்பலத் தூவிப் பாத்தேன், கேக்கல."

"பேன் இல்ல அத்த. எங்க அப்பா பருத்தி இப்பிடித்தான் ஆச்சு." மிச்சத்தை அவள் மெதுவாகச் சொல்லி முடித்தாள். கம்பு நேராக நிற்பதைச் சொன்னாள், கடைசி வரிசைச் சட்டிகளைச் சொன்னாள்.

ஆவுடைத்தாய் கூடையை இறக்கி வைத்தாள். ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். ஸ்பிரேயரின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. "இந்த மனுசன..." என்று ஆரம்பித்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். காப்புக் கட்டியிருக்கிற ஆளை ஏசக்கூடாது. ஏசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

"அது சரி, நீ எதுக்குட்டி இவ்வளவு அலையுத?"

"முத்துசெல்வி கை வேகக்கூடாதுல்லா, அத்த."

"அது மட்டுந்தானா?"

இசக்கிசெல்வி ஸ்பிரேயர் மூடியைத் திருகி மூடினாள். ஆவுடைத்தாய் அவளை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தாள். பருத்திமாருக்கு அடியில் இருந்ததை எடுத்தது இவள்தானோ என்று இசக்கிசெல்விக்குச் சந்தேகம் வந்தது. ஆவுடைத்தாய் வேறொன்றும் கேட்காமல், போ, இங்கே நிற்காதே என்று மட்டும் சொன்னாள். உதவிக்கு வருவாளா மாட்டாளா என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இல்லை.

சாயங்காலம் ஊர் மறுபடி கூடியபோது ஆவுடைத்தாயைக் காணவில்லை. சுடலைராஜ், முத்துசெல்வியின் மணிக்கட்டைப் பிடித்து, ஆட்டைச் சந்தைக்கு இழுத்து வருகிற மாதிரி இழுத்து வந்தார். கோபாலசாமி தட்டில் சூடத்தை வைத்துக்கொண்டு நின்றார். இசக்கிசெல்வி பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு நின்றாள். சுப்புத்தாய் மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள். இசக்கிசெல்வி ஒன்று முடிவு செய்திருந்தாள்: கேட்கிறதைக் கேட்டுவிடுவது, ஊர் காது கொடுக்காவிட்டால் முத்துசெல்வியின் கைக்குப் பதிலாகத் தன் கையை நீட்டிவிடுவது. தெருமுனையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டதும் அம்மாவின் பிடியை உருவிக்கொண்டு முன்னால் போனாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

கோபாலசாமி கையிலிருந்த குச்சி அணைந்தது. பெண்பிள்ளை கோயில் முன்னால் வாயைத் திறந்து ஊர் கேட்டதில்லை.

"வாசல்ல இருந்த சட்டிதான் கோணிருக்கு. அதுலயும் பயறு மட்டுந்தான் கோணிருக்கு, கம்பும் சோளமும் நேராத்தான் நிக்கு. தீட்டுக்குப் பயறு எது, கம்பு எதுன்னு தெரியுமா, மாமா?"

சுடலைராஜ் அவளை அடிக்கக் கை ஓங்கினார். கூட்டத்தில் யாரோ கடற்கரை மகளுக்கு வந்த வாயைப் பார் என்றார்கள். கோபாலசாமியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அருள் வருகிறது. அருள் வந்துவிட்டால் அப்புறம் கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது. அம்மன் சொன்னதோடு முடிந்தது. இசக்கிசெல்வி தன் வலது கையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க. சாமி வாரதுக்கு முன்ன இதயும் ஒரு எட்டுப் பாத்துட்டு வரட்டும்."

ஆவுடைத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ஒரு கையில் வேரோடு பிடுங்கிய அவரைக்கொடி, மறு கையில் ஸ்பிரேயர். இரண்டையும் புருசன் காலடியில் வைத்தாள்.

"நம்ம வீட்டுப் பந்தலும் அந்த முளை கணக்காத்தான் முறுக்கிக் கெடக்கு. தீட்டுனாலதான் முறுக்கும்னா, நம்ம வீட்டுல யாரு தீட்டோட இருக்கா? மருமவ காப்புக்கு முன்னயே அவ அம்ம வீட்டுக்குப் போயிட்டா. எனக்கு நின்னு எத்தனையோ வருசமாச்சு. பெறவு அந்த வீட்டுல இருக்கது நீங்க ஒராளுதான்."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் பெண்கள் பக்கம் முழுக்க முந்தானைக்குள் சிரிப்பு ஓடியது. கோபாலசாமியின் தோள் குலுங்குவது நின்றது. அவர் குனிந்து கொடியை எடுத்தார். நுனியைத் திருப்பிப் பார்த்தார். இலையைக் கிழித்துப் பார்த்தார். சாமியாடி எங்கோ போய்விட்டார். அங்கே நின்றது காடு உழுகிற ஒரு சம்சாரி. ஸ்பிரேயர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"புதன்கிழம மக்காச்சோளத்துக்கு அடிச்சேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கழுவத்தான செஞ்சேன்."

"சோப்புத் தூளு போட்டு ஊறவச்சுக் கழுவுனீயளா அண்ணாச்சி?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கடற்கரை கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது.

"தண்ணிய ஊத்தி ஒரு ஆட்டு ஆட்டுனேன்."

ஆண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. அங்கே நின்ற ஒவ்வொரு சம்சாரிக்கும் அந்தத் தப்பு தெரியும். ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது உளுந்தையோ பருத்தியையோ அப்படிக் கொன்றவர்கள்தான். தீட்டு என்றால் அவர்களுக்குப் பயம். களைமருந்து என்றால் பழக்கம். பயந்ததைவிடப் பழகினதை நம்புவது அவர்களுக்கு லேசாக இருந்தது.

கோபாலசாமி தட்டிலிருந்த சூடத்தை எடுத்து அம்மன் முன்னால் இருந்த கல்லிலேயே ஏற்றினார். "அம்மா நம்மளச் சோதிச்சுப் பாத்துட்டா. புள்ள மேல குத்தம் இல்ல" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். களைமருந்தைக்கூட அம்மன் கணக்கில் எழுதிவிட்ட அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஊரும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முத்துசெல்வியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்க வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிற ஊர், அவள் மேல் குற்றம் இல்லை என்றதும், ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கலைந்துவிடுகிறது. ஆவுடைத்தாய் மட்டும் சுடலைராஜை மறித்து நின்று, புதன்கிழமை அவளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதாக அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் வழியை விட்டாள்.

முத்துசெல்வி சித்தப்பாவிடமிருந்து கையை உருவி, தாவணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். இசக்கிசெல்வியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இசக்கிசெல்விக்கு உடம்பெல்லாம் லேசாகிப் பறக்கிற மாதிரி இருந்தது. என்னால் இல்லை, என்னால் இல்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல் கும்மியடித்துக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போனால் அம்மா தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"எம்மா, என்னம்மா?"

"அப்பம் நம்மளால இல்லையா, பிள்ள?" என்றாள் சுப்புத்தாய்.

இசக்கிசெல்வி அம்மாவின் முன்னால் குந்தினாள். "நம்மளாலயா?"

"பருத்திமாருக்கு அடியில வச்சியே, அத எடுத்துப் பொதைச்சது ஆருன்னு நெனச்ச?"

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமையே தனக்குத் தெரியும் என்றாள் அம்மா. சொன்னால் சட்டியைக் கவிழ்ப்பார்கள், நேர்ச்சை முறியும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். முளை கோணிவிட்டது என்றதும், மகள் தூரமானதை மறைத்த பாவத்துக்கு அம்மன் புருசன் காலைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று நினைத்துவிட்டாள்.

"ரெண்டு நாளா அவிய கால் எடுத்து வைக்கதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்தா விழுவாக, இந்தா விழுவாகன்னு. ஒங்கிட்ட சொல்லவும் பயம், சொல்லாம இருக்கவும் பயம்."

இசக்கிசெல்வி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சோறு குழைந்துவிட்டது. கடற்கரை அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக இசக்கிசெல்வி முத்துசெல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முத்துசெல்வி கேட்டு முடித்து, அவள் கையில் கன்றிப்போகிற மாதிரி ஒரு கிள்ளு கிள்ளினாள். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேளம் முழங்க முளைப்பாரி கிளம்பியது. கோணிய சட்டிகளையும் எடுக்கத்தான் வேண்டும் என்று ஆவுடைத்தாய் சொல்லிவிட்டாள். எந்தச் சட்டி முன்னால் போவது என்பதை மட்டும் வழக்கப்படி சாமியாடிதான் சொல்ல வேண்டும். கோபாலசாமி, படிக்கு வெளியே கொண்டுவந்து வைத்த சட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் நின்ற சட்டியின் முன்னால் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. முழ உயரத்துக்கு ஒரே சீராக நின்றது அது.

"யாரு சட்டி இது? கடற்கரை மகளா?" என்றார். அதைத் தன் கையாலேயே தூக்கி இசக்கிசெல்வியின் தலையில் வைத்தார். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்துக்கிடுங்க. பொம்பளப்புள்ள சுத்தமா இருந்தா முளை இப்பிடித்தான் நிக்கும். இது முன்னால போவட்டும்."

பின்னால் நின்ற முத்துசெல்விக்கு இருமல் வந்துவிட்டது. இசக்கிசெல்வி தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் திருப்பி, கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். சுப்புத்தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின, கண்ணில் தண்ணீர் நின்றது. நேர்ச்சை நிறைவேறிய சந்தோசத்தில் அழுகிறாள் பாவம் என்று பக்கத்தில் நின்றவர்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.